உப்புக்காற்றுக் கரையில் நிழற்குடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் பக்கம் முற்றத்திலோ கடைவாசலிலோ பெரிய குடை வைப்பவர்கள் பெரும்பாலும் வெயிலை மட்டும் மனத்தில் வைத்தே அதை வாங்குகிறார்கள். ஆனால், இந்தக் கரையில் குடைகளை முதலில் வீழ்த்துவது காற்று, அதற்கடுத்தது உப்பு.

கடையில் விரித்துக் காட்டும்போது உறுதியாக நிற்கிறதே என்று நம்பி, எடை குறைந்த அடிப்பீடத்தை வாங்குவதுதான் மிகப் பெரிய தவறு. ஒன்பதடிக் குடைக்கு, அது மேசையின் நடுத்துளையில் நின்றால்கூட, 25 கிலோ அளவுக்காவது பீடம் வேண்டும். தனியாக நிற்பதென்றால் அதற்கும் மேல் வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது குடையைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும் என்பதால், ஆடி மாதக் கச்சான் காற்றில் எந்தப் பீடத்தையும் நம்பிக் குடையை விரித்து வைத்திருக்கக் கூடாது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுகிறார்கள். குடையை அதற்கு வெகுமுன்பே, துணி படபடக்கத் தொடங்கும்போதே, மடக்கிவிட வேண்டும். உச்சியில் காற்றுப் போவதற்கு இடைவெளி விட்டு இரண்டடுக்காகத் தைத்த துணி ஓரளவு உதவும். அதுவும் மடக்குவதற்கு மாற்றாகாது.

பீடத்துக்குள் கடல் மணலை அப்படியே அள்ளிப் போடுவதும் இங்கே வழக்கமாக நடக்கிறது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்து, தண்டின் அடிப்பகுதியை உள்ளிருந்தே அரிக்கும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த மணலையே நிரப்ப வேண்டும்.

வர்ணம் பூசிய இரும்புத் தண்டு மலிவு என்றாலும், வர்ணத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது போலத்தான். அலுமினியத் தண்டும் ஃபைபர் கம்பிகளும் நல்லவை. ஆனால் அலுமினியத்தில் எவர்சில்வர் திருகாணி முடுக்கியிருந்தால், இரண்டு உலோகங்களும் உப்பீரத்தில் சேரும்போது அரிப்பு அலுமினியத்தைத் தின்னும். சென்ற கோடையில் எங்கள் முற்றத்துக் குடையின் நடுமூட்டைக் கழற்றினேன். திருகாணி பளபளவென்று புதிதாகவே இருந்தது. அதைச் சுற்றியிருந்த தண்டோ சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடியாகிக் கையில் உதிர்ந்தது. அப்போதிருந்து திருகாணிகளுக்கு நைலான் வாஷர் போட்டு, மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன். மூட்டு இறுகினால் பலரும் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அது பறக்கும் மணலைப் பிடித்துக்கொண்டு மூட்டை இன்னும் இறுக்குகிறது. சிலிக்கான் ஸ்பிரே போதும்.

துணியைப் பொறுத்தவரை, நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். இழையாக்கும்போதே சாயம் சேர்த்த அக்ரிலிக் துணிக்கு விலை கூடுதல், ஆனால் சாதாரண பாலியெஸ்டரைப் போல அது விரைவில் வெளுத்துப்போவதில்லை.

துவைப்பதில்தான் இந்த ஊருக்கே உரிய தவறு இருக்கிறது. கரையோரத்தில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர்தான் வருகிறது. அதில் அலசினால் துணியில் உப்பு மேலும் ஏறும். குடத்தில் பிடித்த காவிரித் தண்ணீரோ மழைநீரோ இரண்டு வாளி இருந்தாலே போதும். மென்மையான சோப்புக் கரைசலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்த பிறகு, அந்த நீரால் அலசிவிடலாம். பிளீச்சிங் பவுடர் தையல் நூலைப் பலவீனமாக்கக்கூடும்.

சித்திரைத் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்பதால், அப்போது குடையைச் சாய்க்கவே தேவையில்லை. சாய்க்கும் மூட்டுதான் குடையில் முதலில் உடையும் இடம் என்பதால், பிற்பகலில் மட்டும் அதைப் பயன்படுத்துவது நல்லது.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் ஈரத்தோடு மடக்கி பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைக்கிறார்கள். உள்ளே வியர்த்து, தை பிறந்து திறக்கும்போது துணி முழுவதும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கும். நான் ஒரு நாள் முழுவதும் விரித்து உலரவிட்டு, பழைய வேட்டியைத் தளர்வாகச் சுற்றி, உள்ளறை மூலையில் நிமிர்த்தி வைக்கிறேன்.