கண்ணை அளக்காமல் கணினிப் பார்வைக்கு விண்ணப்பிப்பவர்கள்

மனிதப் புலனுணர்வையும் கணினிப் பார்வையையும் (படத்தில் இருப்பதைக் கணினி இனங்காணும் துறை) சேர்த்துப் படிக்க வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் கணினிப் பட்டதாரியின் கோப்பில் பைத்தன் நிரல்மொழி இருக்கும், உதாரணங்களில் பயின்று விடை சொல்லும் நரம்பு வலையமைப்பு நிரல்கள் இரண்டு மூன்று இருக்கும், 98 வீதத் துல்லியமும் இருக்கும். மனிதர் பக்கம்தான் வெறுமை. முதல் தவறே அதுதான்.

2019இல் வெளியான ஓர் ஆய்வில், யானைத் தோல் போர்த்த பூனை உருவத்தைக் காட்டினார்கள். மனிதர் பூனை என்றார்கள். இமேஜ்நெற் என்ற பெரிய படத் தொகுப்பில் பயின்ற வலையமைப்புகள் யானை என்றன. படம் ஒன்று, பிடித்த தடயம் வேறு. துல்லியம் எத்தனை வீதம் என்பதைவிட இந்த வேறுபாடு ஏன் வருகிறது என்பதே இத்துறையின் கேள்வி.

ஆய்வுகூடம் இல்லை என்று சாட்டுச் சொல்லத் தேவையில்லை. லப்டொப், படங்களைக் காட்டி விடைகளைப் பதியும் இலவச சைக்கோபை மென்பொருள், கண்ணுக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தை அளக்க 57 செ.மீ. நூல் போதும். அந்தத் தூரத்தில் கண் இருந்தால் திரையின் 1 செ.மீ. கண்ணில் ஏறக்குறைய 1 பாகைக் கோணம். ‘ன’வையும் ‘ண’வையும் எவ்வளவு சிறிதாகும்வரை பிரித்தறியலாம் என்று பாருங்கள்: 7 அளவுகள், ஒவ்வொன்றும் 40 தடவை, மொத்தம் 280. இரண்டில் ஒன்றைத் தெரிவதால் குருட்டுவாக்கில் அழுத்தினாலும் பாதி சரியாக வரும். ஆகவே ஒவ்வோர் அளவிலும் எத்தனை வீதம் சரி என்று வரைபடம் வரைந்து, 75 வீதம் சரியாகும் அளவை எல்லையாக எடுங்கள்.

பிழைக்கும் இடங்கள் சின்னவை. எழுத்துச் சிறுக்கும்போது ஆள் தன்னை அறியாமல் முன்னே சாய்வார், 47 செ.மீ.க்கு வந்தாலே எழுத்து ஐந்திலொரு பங்கு பெருத்துவிடும். நாடிக்குக் கீழே புத்தகங்களை அடுக்கி வையுங்கள். திரையின் தானியங்கி வெளிச்சத்தையும் இரவு நிறத்தையும் நிறுத்துங்கள். கரண்ட் நின்றால் சில லப்டொப்புகள் பற்றரிக்கு மாறித் திரையை மங்கலாக்கும்; அந்தத் தரவைக் கழித்துவிடுங்கள். 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் (திரை ஒருமுறை புதுப்பிக்கும் படம்) 16.7 மில்லிசெக்கன், அதன் மடங்குகளில்தான் காட்டமுடியும். 40 மில்லிசெக்கன் காட்டினேன் என்று எழுதினால், உண்மையில் 33 அல்லது 50தான் காட்டியிருப்பீர்கள். தெரிந்தவர் கண்ணில் அது உடனே படும்.

அடுத்த பிழை, ஆளுக்குப் படத்தை 50 மில்லிசெக்கன் மட்டும் காட்டிவிட்டு வலையமைப்புக்குத் தெளிவான பெரிய படத்தைக் கொடுத்து ஒப்பிடுவது. இரண்டுக்கும் அதே படங்கள், அதே இரண்டு விடைகள் இருக்கட்டும். மொத்தப் புள்ளியோடு நில்லாமல், எந்தப் படங்களில் இரண்டும் தவறின என்றும் பாருங்கள். பீடத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தரவு சேர்க்குமுன் எடுங்கள். சேர்த்தபின் கேட்டால் கிடைக்காது.

விண்ணப்பத்தில் வரும் பெரிய சறுக்கல் துறைத் தெரிவு. கணினிப் பார்வையில் ஆராயும் பேராசிரியர் உளவியல் துறையில் இருக்கலாம். அப்போது அனுமதி தருவது அந்தத் துறைதான். ரொறன்ரோவில் மாமா இருக்கிறார் என்பதற்காக மட்டும் இடம் பார்க்காதீர்கள் (அங்குள்ள யோர்க் பல்கலைக்கழகத்தில் நல்ல பார்வை ஆய்வு மையம் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்). அமெரிக்கக் கலாநிதிப் படிப்புகள் பலவற்றின் முடிவுத் திகதி டிசம்பர் முதற் பாதியில் வரும். ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்குங்கள். மூன்று சிபாரிசுக் கடிதமும் கணினித் துறையிலிருந்தே போகக் கூடாது. உடற்றொழிலியல், உளவியல், புள்ளிவிபரவியல் பக்கமிருந்து ஒன்றாவது வேண்டும்.

மின்னஞ்சலில் சிறுவயது ஆர்வத்தை விட்டுவிட்டு, அந்த ‘ன’, ‘ண’ வரைபடத்தில் ஆளும் வலையமைப்பும் எந்த அளவில் பிரிந்தன என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.