கரையேறியோர் கணக்கைக் கடலோடு சேர்த்துப் படிப்பது எப்படி: ஆங்கிலக் கால்வாய்

பிரான்சிலிருந்து ரப்பர் படகுகளில் இங்கிலாந்துக்கு வந்து சேர்வோரின் எண்ணிக்கையைப் பிரிட்டனின் உள்துறை நாள்வாரியாக வெளியிடுகிறது. ஒரு வாரம் எண் குறைந்தால் கெடுபிடிக்குப் பலன் என்கிறார்கள். கூடினால் எல்லையே கைவிட்டுப் போனது என்கிறார்கள். பல வாரங்களில் காரணம் வெறும் காற்றுதான். அதனால் செய்தி எழுதுவோர் எண்ணைத் தொடுமுன் கடலைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். நாள், ஆட்கள், படகுகள் என மூன்று பத்தி. பக்கத்தில் இங்கிலாந்துக் கரையின் ஃபோக்ஸ்டோன் அலை மிதவையின் (கடலில் மிதந்து அலையை அளக்கும் கருவி) அளவு, காற்றின் திசையும் வேகமும், டோவர் ஓத அட்டவணை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்). மிதவைத் தரவு கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் பிரிட்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். இதைச் சரிசெய்யாவிட்டால் நள்ளிரவை ஒட்டிய அளவுகள் தவறான நாளில் போய் விழும்.

மிதவை தரும் அலை உயரம் தனி அலையின் உயரம் அல்ல. அளந்த அலைகளில் பெரிதான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. அரை மீட்டர் என்று பதிவான நேரத்தில் ஒரு மீட்டரை நெருங்கும் அலையும் வந்திருக்கும். ஐம்பது பேர் ஏறி அமுங்கிக் கிடக்கும் ரப்பர் படகின் விளிம்புக்கு அந்த ஒரு அலையே போதும்.

அடுத்தது காற்றும் நீரோட்டமும். இங்குதான் பலர் தவறுகிறார்கள். ஆங்கிலக் கால்வாயின் ஒடுங்கிய பகுதியான டோவர் நீரிணையின் மிகக் குறுகிய இடம் சுமார் 33 கிலோமீட்டர். நீரோட்டம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வடகிழக்கும் தென்மேற்குமாகத் திரும்பும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேகம் கூடும். தென்மேற்குக் காற்று வீசும்போது நீரும் வடகிழக்கே ஓடினால் அலை நீண்டு தணிந்திருக்கும். நீர் திரும்பிக் காற்றை எதிர்த்தால், அதே காற்றில் அலை குறுகிச் செங்குத்தாக எழும். ஆகவே ஒரு நாளின் சராசரிக் காற்று வேகத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றும் ஏமாற்றும்: பிரெஞ்சுக் கரையோரம் குளம் போல் கிடக்க, நடுவில் அலை வளர்ந்துகொண்டிருக்கும்.

வானிலைத் துறையின் மதிப்பீட்டை வைத்து உள்துறை தரும் 'சிவப்பு நாள்' என்பதைத் தலைகீழாகப் படித்துவிடாதீர்கள். கடல் மோசம் என்று பொருள் அல்ல. கடக்க வாய்ப்பு அதிகம் என்று பொருள்.

பிறகு நாளோடு நாளை ஒப்பிடுவதை விடுங்கள். பல நாள் காற்றடித்து ஓய்ந்தால், காத்திருந்தவர்கள் ஒரே நாளில் வந்து சேர்வார்கள். அந்த உச்சத்தைப் புதிய குடியேற்ற அலை என்று எழுதுவது பிழை. ஏழு நாள் கூட்டுத்தொகை எடுத்து, சிவப்பு நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சென்ற ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிட அதுவே நேர்மையான வழி.

வானிலை எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதற்குப் படகுப் பத்தியே சாட்சி. 2022-ல் 1,110 படகுகளில் சுமார் 45,700 பேர், படகுக்கு 41. 2023-ல் 602 படகுகளில் 29,437 பேர், படகுக்கு 49. 2024-ல் 695 படகுகளில் 36,816 பேர், படகுக்கு 53. 2023-ல் படகுகள் 46 சதவீதம் குறைந்தபோது ஆட்கள் 36 சதவீதம்தான் குறைந்தார்கள். ஒவ்வொரு படகிலும் கூடுதலாக ஆட்களை அடைத்ததே இந்த வித்தியாசம். இது காற்றின் வேலை அல்ல.

கடைசியாக நீரின் வெப்பநிலைக்கும் ஒரு பத்தி வையுங்கள். நிலத்தைவிடக் கடல் தாமதமாகக் குளிரும், தாமதமாகச் சூடேறும். வெயில் அடிக்கும் மார்ச் மாதத்தில்கூட நீர் பத்து பாகை செல்சியஸுக்குக் கீழேதான் இருக்கும். விழுந்தவருக்கு முதல் சில நிமிடங்களிலேயே மூச்சு கட்டுமீறிப் போகும். உள்துறையின் பட்டியலில் இருப்பது வந்து சேர்ந்தவர்கள் மட்டும். 2021 நவம்பர் 24 அன்று கால்வாயில் படகு மூழ்கி இறந்த குறைந்தது 27 பேர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். இறப்புகளைத் தனியே தேடி, அந்தந்த நாளுக்கு எதிரே நீங்களே குறித்து வையுங்கள்.