டிவி பாக்ஸில் லினக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள், குறிப்பாக ஒன்று

பழைய ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸில் ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் பதிப்பை ஏற்றி, வீட்டுக்கு ஒரு கோப்புச் சேமிப்பகமாகவோ விளம்பரத் தடுப்பானாகவோ ஓடவிட வேண்டும் என்று கேட்டு வருவோர் ஓய்ந்தபாடில்லை. விலை குறைவு, மின்செலவு குறைவு, ஈதர்நெட் துளையும் உண்டு என்பதால் ஆசை நியாயமானதுதான். ஆனால் எங்கள் தலைமுறை ஆட்கள் இந்தப் பெட்டிகளில் செய்து முடித்த தவறுகளையே புதியவர்கள் அதே வரிசையில் மீண்டும் செய்வதைப் பார்க்கும்போது, சிலவற்றையாவது எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. இமேஜ் கோப்பைக் கார்டில் முறைப்படி எழுதாமல் வெறுமனே நகலெடுத்து ஒட்டுவது, 32 பிட் போர்டுக்கு 64 பிட் இமேஜை இறக்குவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை அன்று மாலைக்குள் தாமாகவே புரிந்துவிடும், எதையும் கெடுக்கவும் கெடுக்காது.

அட்டையில் உள்ள பெயரை நம்புவது

எஸ்905எக்ஸ்3 சிப், 4 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பகம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதற்கும் உள்ளே பற்றவைத்திருப்பதற்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சந்தையில் இல்லை. ஆண்ட்ராய்டின் அமைப்புகள் பக்கத்தில் தெரியும் நினைவக அளவும் சான்றாகாது. அந்த எண்ணையே மாற்றி எழுதி அனுப்பப்படும் பெட்டிகள் உண்டு. ஒரே பெயரும் ஒரே உறையும் கொண்ட இரண்டு பெட்டிகளுக்குள் வெவ்வேறு போர்டும் வெவ்வேறு நினைவகச் சிப்புகளும் இருப்பது இங்கே அன்றாட நிகழ்வு.

இதில் இன்னொரு நுட்பமான ஏமாற்றம் இருக்கிறது. லினக்ஸ் ஒருவழியாக ஓடத் தொடங்கியதும், டிவைஸ் ட்ரீ (போர்டில் எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) அடைவில் உள்ள 'மாடல்' கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "கணினியே சொல்கிறது, இது இந்தப் போர்டுதான்" என்று வாதிடுவோர் பலர். அந்தக் கோப்பு வன்பொருளைப் பார்த்து எதையும் சொல்வதில்லை. பூட் அமைப்புக் கோப்பில் நீங்கள் எந்த டிவைஸ் ட்ரீயைக் குறிப்பிட்டீர்களோ, அதற்குள் எழுதியிருக்கும் பெயரைத்தான் உங்களிடமே திருப்பித் தருகிறது. எந்த முகவரியில் எந்தச் சாதனம் இருக்கிறது, எந்த மின்னழுத்தத்தை எந்தக் கால் வழியே இயக்க வேண்டும் என்பதை எல்லாம் இவ்வகை ஆர்ம் போர்டுகளில் கர்னல் தானாகத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. டிவைஸ் ட்ரீ பொய் சொன்னால் கர்னலும் அதையே நம்பும். அம்லாஜிக் நிறுவனத்தின் சிப்புகளில், கர்னலின் தொடக்கச் செய்திகளுக்கு நடுவே, மேசான் ஜிஎக்ஸ்எல், எஸ்905எக்ஸ் என்பது போல் சிப்பின் குடும்பத்தையும் பெயரையும் சொல்லும் வரி ஒன்று வரும். அது சிப்பின் பதிவகத்திலிருந்து படிக்கப்படுவது. நம்ப வேண்டியது அதைத்தான். அதைவிட உறுதியான வழி, வெப்பத்தகட்டை எடுத்துவிட்டுச் சிப்பின் முதுகில் பொறித்திருப்பதைப் படிப்பது.

திரையையே பார்த்துக்கொண்டிருப்பது

"பூட் ஆகவில்லை" என்பது அறிகுறி அன்று. பூட் ரோம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் தொடக்க நிரல்), பூட்லோடர் (கர்னலை ஏற்றும் நிரல்), கர்னல், கோப்பு முறைமை என்று நான்கு கட்டங்கள் இருக்க, ஹெச்டிஎம்ஐ திரை உயிர்பெறுவது அவற்றின் பிற்பாதியில்தான். ஆகவே கறுப்புத் திரை என்பதற்கு "முதல் கட்டத்திலேயே செத்துவிட்டது" என்றும் பொருள் இருக்கலாம். "எல்லாம் ஓடுகிறது, காட்சி டிரைவர் மட்டும் வரவில்லை" என்றும் பொருள் இருக்கலாம். முதலில் உங்கள் ரௌட்டரில் அந்தப் பெட்டிக்கு ஐபி முகவரி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், போர்டின் தொடக்கச் செய்திகளை எழுத்தாக அனுப்பும் யுஆர்ட் சீரியல் இணைப்பைத் தவிர வேறு வழியில்லை.

சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் யுஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்று போதும். கவனிக்க வேண்டியவை சிலவே: 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். தரைக்கம்பியையும் அனுப்பும் பெறும் கம்பிகளையும் மட்டும் இணைக்க வேண்டும், மின்சாரக் கம்பியைத் தொடவே கூடாது. ஒன்றின் அனுப்பும் முனை மற்றதன் பெறும் முனைக்குச் செல்ல வேண்டும். அம்லாஜிக், ஆல்வின்னர் நிறுவனச் சிப்புகள் உள்ள போர்டுகளில் வேகம் நொடிக்கு 115200 பிட். ராக்சிப் போர்டுகளில் பெரும்பாலும் 15,00,000. பழைய சிபி2102 சிப் உள்ள அடாப்டர்கள் இந்த இரண்டாவது வேகத்தை எட்டாது என்பதால், வெறும் கிறுக்கலைப் பார்த்துவிட்டுப் போர்டின் மேல் பழி போடுவதற்கு முன்பு அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்.

உள்சேமிப்பகத்தை நகலெடுத்து வைக்காமல் அதில் எழுதுவது

மற்ற தவறுகளுக்கு எல்லாம் மருந்து உண்டு. இதற்குப் பல நேரங்களில் இல்லை. இருந்தும் இதைத்தான் இன்றுவரை அதிகம் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

தவறின் வேர் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் கற்ற பழக்கத்தில் இருக்கிறது. அங்கே கார்டைப் பாழாக்கினால் இன்னொரு கார்டில் எழுதிச் செருகினால் தீர்ந்தது. ஆல்வின்னர் ஹெச்3 போர்டுகளிலும் சிப்பின் பூட் ரோம் முதலில் எஸ்டி கார்டைத்தான் தேடும் என்பதால் மீட்பது எளிது. ஆனால் அம்லாஜிக் டிவி பெட்டிகளில் பூட் ரோம் முதலில் போவது போர்டிலேயே பற்றவைத்துள்ள இஎம்எம்சி சேமிப்பகத்துக்கு. அங்கிருக்கும் தயாரிப்பாளரின் பூட்லோடர்தான் நினைவகத்தை எழுப்புகிறது. ஏவி துளைக்குள் ஒளிந்திருக்கும் பொத்தானைப் பல்குத்தும் குச்சியால் அழுத்திக்கொண்டு முதன்முறை மின்சாரம் கொடுக்கிறோமே, அப்போது நடப்பது என்ன? கார்டில் உள்ள சிறு ஸ்கிரிப்டை அந்த உள் பூட்லோடர் படித்து, "இனி ஒவ்வொரு முறையும் முதலில் கார்டைப் பார்" என்று தன் அமைப்பில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதாவது "லினக்ஸ் கார்டிலிருந்து ஓடுகிறது" என்று நாம் நினைக்கும் நாளிலும், அதைத் தொடங்கி வைப்பது உள்ளே இருக்கும் பூட்லோடரே. உள்ளே அழித்தால் கார்டும் ஓடாது.

இந்த இடத்தில் வந்து விழும் ஒரு கண்ணி உண்டு. அம்லாஜிக்கின் ஆண்ட்ராய்டு, இஎம்எம்சியைப் பகுதிகளாகப் பிரிக்க வழக்கமான எம்பிஆர், ஜிபிடி அட்டவணைகளைப் பயன்படுத்துவதில்லை. தனக்கென்று ஓர் அட்டவணையை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. பொதுவான லினக்ஸ் கர்னலுக்கு அது புரியாது. எனவே வட்டுகளைப் பட்டியலிடும்போது, ஆண்ட்ராய்டு முழுவதும் நிறைந்திருக்கும் அந்தச் சேமிப்பகம், ஒரு பார்ட்டிஷன்கூட இல்லாத வெற்று வட்டாகக் காட்சி தரும்.

ஒரு கல்லூரி மாணவர் ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளோடு வந்திருந்தார். ஒன்று உயிரோடு இருந்தது. மற்றொன்றில் விளக்கு எரிந்தது, வேறு எதுவும் இல்லை. "அண்ணே, உள்ள இருந்த டிஸ்க் காலியாத்தான் இருந்துச்சு, ஜிபிடி போட்டு ஃபார்மேட் பண்ணினேன், அவ்ளோதான்" என்றார். அவ்வளவே போதுமானது. ஜிபிடி அட்டவணை வட்டின் 1ஆவது செக்டரிலிருந்து 33ஆவது செக்டர் வரை எழுதப்படுகிறது. அம்லாஜிக் பூட்லோடரின் முதல் பகுதி தொடங்குவதும் அதே 1ஆவது செக்டரில். ஃபார்மேட் கருவி "முடிந்தது" என்று சொன்ன கணமே பெட்டியின் கதையும் முடிந்தது. நேற்றுவரை ஓடிய கார்டும் இப்போது ஏன் ஓடவில்லை என்பதுதான் அவருக்குப் புரியாத புதிராக இருந்தது.

அதன் பிறகு அவர் செய்தது இரண்டாவது தவறு. பெட்டியின் பெயரை வைத்து இணையத்தில் தேடி, அதே பெயரில் கிடைத்த ஃபர்ம்வேரை யுஎஸ்பி வழியாக உள்ளே இறக்கினார். எழுதுதல் பாதியிலேயே நின்றது. சீரியல் கம்பியைப் பிடித்துப் பார்த்தபோது, பூட்லோடரின் முதல் பகுதி நினைவகத்தைச் சோதிக்கும் கட்டத்தில் தடுமாறி மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தது. நினைவகச் சிப்பின் வகை, அகலம், கால அளவுகள் ஆகிய எல்லாம் அந்தப் பூட்லோடருக்குள்தான் அந்தந்தப் போர்டுக்கென்று பொதிந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவை பொருந்தாவிட்டால் நினைவகம் எழாது, நினைவகம் எழாவிட்டால் அடுத்த கட்டம் என்பதே இல்லை. இரண்டு பெட்டிகளையும் திறந்தோம். போர்டுகள் வேறு, நினைவகச் சிப்புகளும் வேறு. உயிரோடு இருந்த பெட்டியின் சேமிப்பகத்திலிருந்து எடுத்த படியும் (நகலும்) அதற்கு உதவாது என்று அப்போது தெரிந்தது. அந்தப் பெட்டி இப்போது உதிரிப் பாகம்.

செய்திருக்க வேண்டியது ஒரு தேநீர் குடிக்கும் நேரத்து வேலை. கார்டிலிருந்து லினக்ஸ் முதன்முறை ஓடியவுடன், வேறு எதையும் நிறுவுவதற்கு முன்பு, இஎம்எம்சி முழுவதையும் டிடி கட்டளையால் படித்து, சுருக்கி, வேறொரு கணினிக்கு அனுப்பி வைக்க வேண்டும். எது இஎம்எம்சி, எது கார்டு என்பதைச் சாதனப் பெயரில் உள்ள எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்; கர்னல் பதிப்பு மாறினால் அந்த எண்கள் இடம் மாறும். பெயரின் முடிவில் பூட்0, பூட்1 என்ற இரண்டு சிறு துணைச் சாதனங்கள் எதற்கு இருக்கின்றனவோ அதுவே இஎம்எம்சி. கார்டுக்கு அவை கிடையா. அந்த இரண்டும் முதன்மைப் பரப்புக்குள் அடங்காதவை என்பதால் முழு வட்டைப் படித்தாலும் அவை படியில் சேரா. தனியே படித்து வைக்க வேண்டும். படி எடுத்த பின் சுருக்கிய கோப்பு முழுமையாக விரிகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, கோப்பின் பெயரில் போர்டின் மேல் அச்சிட்டுள்ள எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தப் படி எந்தப் பெட்டிக்கு என்ற கேள்வி கட்டாயம் வரும்.

இந்தப் படி கையில் இருந்தால், பூட்லோடர் அழிந்த நிலையிலும் கதவு முழுவதும் மூடிவிடுவதில்லை. ஜிஎக்ஸ்எல் குடும்பச் சிப்பில், சீரியல் திரையில் இஎம்எம்சி, எஸ்டி, யுஎஸ்பி என்று ஒவ்வொன்றாகத் தேடிய தடமும், 'லூப்' என்ற சொல்லுக்கு அருகே ஏறிக்கொண்டே போகும் எண்ணும் தெரிந்தால், சிப் உயிரோடு இருக்கிறது, தொடங்குவதற்கு ஒன்றும் கிடைக்காமல் சுற்றி வருகிறது என்று பொருள். படியின் முதல் 4 எம்பியை ஒரு கார்டின் தொடக்கத்தில் எழுதிச் செருகினால், பெரும்பாலும் அங்கிருந்து எழுந்துவிடும். அதன் பிறகு இஎம்எம்சியை மீட்பது பொறுமைக்கான வேலை மட்டுமே.

உண்மையில், உள்சேமிப்பகத்தில் நிறுவியே ஆக வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிந்ததே இல்லை. சில மாதங்கள் கார்டிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் தேவை என்றால், அம்லாஜிக்குக்கென எழுதப்பட்ட நிறுவல் ஸ்கிரிப்டையே பயன்படுத்துங்கள். அது எம்பிஆர் அட்டவணையைப் போட்டு, பூட்லோடரை முன்கூட்டியே எடுத்து வைத்து, அட்டவணையின் மேல் படாதபடி மீண்டும் எழுதுகிறது. கைப்பட எழுதுபவர் மறப்பது இதைத்தான்.

மின்சாரம்

காரணம் தெரியாத முடக்கம், கோப்புச் சிதைவு, வட்டு துண்டிப்பு ஆகியவற்றுக்கு மென்பொருளில் விடை தேடுவதற்கு முன்பு சார்ஜரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சார்ஜர் நல்லதாக இருந்தாலும், மெல்லிய மைக்ரோ யுஎஸ்பி கேபிள் பாரம் ஏறும்போது மின்னழுத்தத்தை வழியிலேயே தின்றுவிடும். ராஸ்பெர்ரி பை, மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதைப் பதிவு செய்கிறது. த்ராட்டில் நிலையை (மின்னழுத்தக் குறையும் வேகக் குறைப்பும் நேர்ந்தனவா என்பதை) கேட்கும்போது 50005 என்று வந்தால் குறை இப்போதே இருக்கிறது, 50000 என்று வந்தால் தொடங்கிய பின் எப்போதோ நேர்ந்திருக்கிறது. டிவி பெட்டிகளில் பொதுவாக இந்த வசதி இல்லை. அவற்றில் இன்னோர் ஆபத்து: 5 வோல்ட் அடாப்டரும் 12 வோல்ட் அடாப்டரும் ஒரே அளவு உருளைப் பின்னோடு வரும். மேசையில் இரண்டும் கிடந்தால் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

வைஃபை

ஈதர்நெட் கேபிளைச் செருகுங்கள்.

மெமரி கார்டு

எழுதுவதற்கு முன் எஃப்3 கருவியால் முழுக் கொள்ளளவையும் சோதியுங்கள். போலி என்றால் தூக்கி எறியுங்கள். "இதற்கு மட்டும் பயன்படட்டும்" என்று வைக்காதீர்கள்.

யுஎஸ்பி வட்டு அடிக்கடி காணாமல் போவது

முதலில் மேலே சொன்னபடி மின்சாரத்தைச் சரிபாருங்கள்; 2.5 அங்குல வட்டாக இருந்தால் தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாக இணைத்துப் பாருங்கள். அப்படியும் தொடர்ந்து, கர்னல் செய்திகளில் யுஏஎஸ் (யுஎஸ்பி வட்டுகளுக்கான வேகமான நெறிமுறை) என்ற பெயரோடு கைவிடல் வரிகள் வரிசையாக வந்தால், வட்டுக்கும் யுஎஸ்பிக்கும் நடுவே உள்ள பிரிட்ஜ் சிப் அந்த நெறிமுறையைச் சரியாகக் கையாளவில்லை என்று கொள்ளலாம். அந்தச் சாதனத்தின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறித்து, யுஎஸ்பி ஸ்டோரேஜ் குவிர்க்ஸ் என்ற கர்னல் அளபுருவில் இறுதியில் யு கொடியுடன் சேர்த்தால், யுஏஎஸ் விலகிப் பழைய முறைக்கு மாறும். வேகம் கொஞ்சம் குறையும், வட்டு நிற்கும். ராஸ்பெர்ரி பையில் இதை எழுதும் கோப்பு ஒரே வரியாக இருக்க வேண்டும் என்பதை மறந்து அடுத்த வரியில் எழுதுவோர், பயன் இல்லை என்று திரும்பி வருகிறார்கள்.

கர்னலைப் பழக்கதோஷத்தில் புதுப்பிப்பது

சர்வரில் செய்வதுபோல் எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிவி பெட்டியில் கர்னல் பொதியையும் டிவைஸ் ட்ரீ பொதியையும் சேர்த்தே புதுப்பிக்கப்படாதபடி நிறுத்தி வையுங்கள். ஒன்றை மட்டும் நிறுத்துவது இரண்டையும் விடுவதைவிட மோசம். மின்விசிறிக்காகவோ வைஃபைக்காகவோ டிவைஸ் ட்ரீயைக் கைப்படத் திருத்தியிருந்தால், அந்தக் கோப்பைப் பொதியின் டிடிபி (டிவைஸ் ட்ரீ கோப்புகள்) அடைவுக்குள் விடாமல், வேறு பெயரில் பூட் அடைவின் முகப்பிலேயே வைத்து, அமைப்புக் கோப்பில் அந்தப் பாதையைக் கொடுங்கள். புதிய கர்னல் தன் டிடிபி அடைவைப் புதிதாகவே கொண்டு வரும். அதற்குள் உங்கள் கோப்பு இருக்காது.