பொந்தெங் அடிக்கத் தெரியாதவர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பையன்கள் பொந்தெங் அடித்துவிட்டு, அதாவது பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, என் போட்டோஸ்டாட் கடைக்குள் வந்தார்கள். ஒருவன் கையில் எம்.சி., டாக்டர் கொடுக்கிற மருத்துவச் சான்றிதழ். பெயர் இருந்த இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் தன் பெயரை எழுதியிருந்தான்.

"அண்ணே, வெள்ளை தெரியாம ஒரு காப்பி."

வாங்கிப் பார்த்தேன். அக்காவின் எம்.சி. போலிருக்கிறது. அக்கா பெயரை மறைத்தவன், பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் இருந்த 'ஏ/பி'யை மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்குப்படி அவன் இன்னாருடைய மகள். காப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தால் மட்டுமில்லை, அந்த வேலைத்தனத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பினாங்குத் தீவில், கொம்தார் கோபுரத்தின் பக்கத்தில் கடை போட்டு ஒன்பது வருடமாகிறது. வருகிற கூட்டம் மாறுகிறது, தவறுகள் மட்டும் மாறுவதில்லை. எல்லாம் நான் செய்தவை. ஆசிரியர் பார்க்கும்போதே வேலி தாண்டுவது மாதிரியானதை விட்டுவிடுகிறேன், அதற்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை.

சட்டையை மட்டும் மாற்றுவது

பையில் ஒரு டி-சட்டை இருந்தால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மேலே காற்பந்துக் குழுவின் சட்டை, கீழே பச்சை சிலுவார். அந்தப் பச்சையை இந்த நாட்டில் பள்ளிப் பையனைத் தவிர வேறு யாரும் போடுவதில்லை. எங்கள் காலத்தில் சப்பாத்தும் வெள்ளை. இப்போது கறுப்பாகிவிட்டது, அந்த ஒரு விஷயத்தில் இன்றைய பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

கொம்தாருக்கு வருவது

இத்தனை உயரமான கட்டடத்தின் கீழே ஒளிந்துகொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் தீவில் பெரும்பாலான பேருந்துகள் வந்து நிற்கிற இடம் அதுதான். மருந்து வாங்க வரும் அத்தை, கைப்பேசி பழுதுபார்க்க வரும் மாமா, எல்லாரும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒருமுறை அரை மணி நேரத்தில் மூன்று சொந்தக்காரர்களைப் பார்த்தேன். தீபாவளிக்குக்கூட அத்தனை பேர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

தைப்பூசத்துக்கு மறுநாள்

வேண்டாம். மொட்டை போட்டவனுக்கு மட்டும்தான் அன்று சாக்கு உண்டு.

கடிதத்தை மொழிபெயர்ப்பது

தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வரும். மலாயில் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. படித்துக் காட்டுவது என் பொறுப்பு. "ஒண்ணுமில்லம்மா, விளையாட்டுப் போட்டி வச்சிருக்காங்க" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நம்பும்படி இருக்கட்டுமே என்று கடிதத்தில் இருந்த தேதியையும் சேர்த்துச் சொன்னேன். அது பெற்றோரைக் கட்டொழுங்கு ஆசிரியர் வரச் சொன்ன தேதி. அம்மா பட்டுச்சேலை கட்டி, குடையும் தண்ணீர் போத்தலுமாகப் பள்ளிக்குப் போய்விட்டார். திடலில் ஒருவரும் இல்லை. ஆசிரியர் மட்டும் காத்திருந்தார்.

கையில் காசில்லாமல் ஃபெர்ரி ஏறுவது

மற்றதெல்லாம் சிரித்து மறந்தாயிற்று. இது மட்டும் இன்னும் எரிகிறது.

பழைய ஃபெர்ரியில் போனவர்களுக்குத் தெரியும்: தீவிலிருந்து அக்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்குப் போகக் காசு கிடையாது. அங்கிருந்து தீவுக்குத் திரும்பும்போதுதான் கட்ட வேண்டும். தீவில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் எப்போதும் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனவன். காசு கட்டுகிற வேலை அவருடையது.

2008, நான்காம் படிவம், பதினாறு வயது. நான், நெட்டையன், கண்ணாடிக்காரன், மூன்று பேர். கையில் எல்லாருக்கும் சேர்த்து 9 வெள்ளி, அதாவது 9 ரிங்கிட். தீவுப் பக்கத்து ஃபெர்ரித் துறையான வெல்ட் கீயில் யாரும் தடுக்கவில்லை, யாரும் காசு கேட்கவில்லை. மேல்தட்டு பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கினோம். பள்ளியில் அப்போது கணிதப் பாடம். கடல் நடுவே வந்ததும் நெட்டையன் எழுந்து நின்று கும்பிடு போட்டான், பள்ளி இருந்த திசை என்று அவன் நினைத்த பக்கத்தைப் பார்த்து.

அக்கரையில் இறங்கி ஆளுக்கு ஒரு ரொட்டி சானாய், ஒரு தே ஐஸ். 6 வெள்ளி 60 காசு. பேருந்துகளையும் ரயிலையும் வேடிக்கை பார்த்தோம். வெயில் ஏறியதும் திரும்பலாம் என்று வந்து பார்த்தால், ஆளுக்கு 1 வெள்ளி 20 காசு. கையில் 2 வெள்ளி 40 காசு. இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது.

யார் நிற்பது என்று கால் மணி நேரம் பேசினோம். ஃபெர்ரிக்கு ஆசைப்பட்டது நான்தானாம், அதனால் நான். சரி, யாரிடமாவது கேட்போம் என்று முகம் பார்த்துக்கொண்டே நின்றேன். பொட்டு வைத்துக்கொண்டு, கையில் பூப்பையோடு ஓர் ஆண்ட்டி வந்தார். இரக்கமான முகம். இங்கேதான் சறுக்கினேன்.

"ஆண்ட்டி, காசு தொலஞ்சிருச்சு, ஃபெர்ரிக்கு 1 வெள்ளி 20 காசு வேணும்."

அவர் என் பச்சை சிலுவாரைப் பார்த்தார். "அப்பா பேரு என்னய்யா?"

எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. முருகன் என்று சொல்லியிருக்கலாம். சொந்த அப்பாவின் பெயரைச் சொன்னேன். எந்தத் தாமான், எந்தக் குடியிருப்பு என்று கேட்டார், அதையும் சொன்னேன். வீட்டு எண்ணைக் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டிவிட்டு 2 வெள்ளி கொடுத்தார். முகப்பில் சில்லறை மாற்றி உள்ளே போனேன். மீதி 80 காசில் ஐஸ் வாங்கி மூன்று பேரும் நக்கினோம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் தெரியாத ஒரு ஜோடிச் செருப்பு. உள்ளே அதே ஆண்ட்டி, கையில் தேநீர். கோயிலில் அம்மாவோடு மாலை கட்டுகிறவராம். கோள் சொல்ல வரவில்லை. "பாவம், பிள்ளை காசில்லாம நின்னுச்சு, வீடு வந்து சேர்ந்துச்சான்னு பாக்க வந்தேன்" என்றார். அக்கறை. கோள் சொல்லியிருந்தால் அவரையாவது திட்டியிருக்கலாம்.

அம்மா ஒரு வார்த்தை பேசாமல் 2 வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு முதல் கேள்வி: "மீதி 80 காசு எங்கடா?"

அன்று வாங்கிய அடி பள்ளிக்குப் போகாததற்கு இல்லை, கடல் தாண்டிப் போய்ப் பிச்சை எடுத்ததற்கு. இன்றும் கல்யாண வீட்டில் அந்த ஆண்ட்டியைப் பார்த்தால், "ஃபெர்ரிக்குக் காசிருக்காய்யா?" என்றுதான் கேட்பார். பக்கத்தில் என் பிள்ளைகள் நிற்பார்கள். அந்தப் பழைய ஃபெர்ரிகளே 2020 கடைசியோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. ஆண்ட்டி நிறுத்தவில்லை.

எம்.சி.யோடு வந்த பையன்கள் கடையை விட்டு இறங்கியவர்கள், ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"அண்ணே, அடுத்த ஃபெர்ரி எத்தன மணிக்கு?"

"கார்டுல காசு இருக்கா?"

ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான்.