ஆர்எக்ஸ் 100 கார்ப்பரேட்டர்: ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் தவிர்க்க வேண்டியவை

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். பெயிண்ட், குரோம், சீட் எல்லாம் புதிதாகி வண்டி பளபளவென்று நிற்கிறது. ஆனால் ஸ்லோவில், அதாவது முறுக்காமல் விட்டால், எஞ்சின் நிற்காமல் ஓட மாட்டேன் என்கிறது. உடனே எல்லார் கையும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்ப்பரேட்டருக்குத்தான் போகிறது. 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைத்திறன், ரீட் வால்வு, சின்னதாய் ஒரு மிக்குனி கார்ப்பரேட்டர். அந்த எஞ்சினில் புரிந்துகொள்ள எளிதான உறுப்பே கார்ப்பரேட்டர்தான். தொல்லை பாதி நேரம் அதற்கு வெளியே இருக்கிறது.

பெட்ரோல் காக் மூடியிருப்பது, பிளக் கேப் தளர்ந்திருப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

ஏர் ஸ்க்ரூவைத் தலைகீழாகத் திருப்புவது

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கைபழகியவர்கள் இதில் மாட்டுகிறார்கள். அந்த வண்டிகள் பலவற்றில் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருக்கும். வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஆர்எக்ஸில் அது ஃபில்டர் பக்கம் இருக்கிறது, காற்றை அளந்து விடுகிறது. வெளியே திருப்பினால் காற்று கூடும், பெட்ரோல் குறையும். வண்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே உட்காரும்வரை திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் கால் சுற்றாக நகர்த்தி எஞ்சின் வேகம் எங்கே அதிகம் ஏறுகிறது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள். மூன்று சுற்று தாண்டியும் அந்த இடம் கிடைக்கவில்லை என்றால் ஸ்க்ரூவின் மேல் பழி போடாதீர்கள். அடுத்த பகுதியைப் படியுங்கள்.

காற்று கசியும்போது ஜெட் மாற்றுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸும் ஒரு பம்புதான். பிஸ்டன் மேலே போகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, காற்றும் பெட்ரோலும் கார்ப்பரேட்டர் வழியாக இழுபடுகின்றன. வேறு எங்காவது ஓட்டை இருந்தால் அந்த வழியாகவும் காற்று வரும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள துண்டு. அந்தக் காற்று எந்த ஜெட் பக்கமும் வராததால் அதனுடன் பெட்ரோல் சேர்வதில்லை. கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள மேனிபோல்டு ரப்பர், ரீட் வால்வு கேஸ்கட், சிலிண்டர் அடிக் கேஸ்கட், மேக்னட் பக்க ஆயில் சீல் ஆகியவைதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள். முப்பது வருட ரப்பர் இதில் எங்கே வேண்டுமானாலும் வெடித்திருக்கலாம்.

அறிகுறி தெளிவாகவே இருக்கும். முறுக்கை (ஆக்சிலேட்டரை) விட்ட பிறகும் எஞ்சின் இறங்காமல் கத்திக்கொண்டிருக்கும். ஸ்லோ ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். சூடானதும் தொல்லை கூடும்.

ஒரு பையன் வண்டியில் இவ்வளவும் இருந்தது. "மெயின் ஜெட்டைப் பெருசாப் போட்டாச் சரியாயிரும்னு கடையில சொன்னாங்கண்ணா" என்றான். போட்டுக்கொடுத்தும் விட்டார்கள். முழு முறுக்கில் பெட்ரோல் அதிகமாகி அடைத்தது. அதற்காக, நடு முறுக்கில் பெட்ரோலை அளக்கும் ஊசியான நீடிலை இறக்கினார்கள். அதாவது நடு முறுக்கில் இருந்த கொஞ்சநஞ்சப் பெட்ரோலையும் குறைத்தார்கள். பைபாஸில் ஒரே சீராக ஓட்டிப்போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் நின்று ரோட்டில் கோடு போட்டது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினான்.

பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் சைலன்சர் பக்கம் முழுக்கக் கீறல். உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. மேக்னட் மூடியைக் கழற்றினால் சீலைச் சுற்றி எண்ணெய் ஈரத்தில் ஊறிய தூசி. சீல் உதட்டில் நகத்தை அழுத்தினேன், தடமே விழவில்லை, அவ்வளவு இறுகிப்போயிருந்தது. சில்லறைக் காசு சாமான் அது. அதை விட்டதால் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க, அதாவது போர் அடிக்க வேண்டியதாயிற்று, ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு போருக்கும் அந்த 50 மில்லிமீட்டர் சிலிண்டரின் ஆயுள் ஒரு படி குறைகிறது. கம்பெனி சிலிண்டர் இன்று கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பொருளும் இல்லை.

ஜெட்டால் கசிவை ஈடுகட்டவே முடியாது. ஜெட் துளையின் அளவு மாறாதது. கசிவோ சூட்டுக்கும் முறுக்குக்கும் தகுந்தபடி மாறிக்கொண்டே இருப்பது. ஸ்லோவுக்குச் சரிசெய்தது பைபாஸில் உதவாது.

சோதிப்பது கடினம் இல்லை. வண்டி ஸ்லோவில் ஓடும்போது மேனிபோல்டைச் சுற்றிக் கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சமாக அடியுங்கள். சூடான சைலன்சர் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். சீலைச் சோதிக்க, எஞ்சினை ஆறவிட்டு இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், நல்ல சீலே பிதுங்கிவிடும். முள் சில நிமிடம் அப்படியே நின்றால் கசிவு இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கிளட்ச் பக்கச் சீல் போனால் கதை நேர்மாறு. கியர் ஆயில் உள்ளே இழுபட்டு, புகை கிளம்பி, பிளக் கறுத்து நனைந்துவிடும். பெட்ரோல் அதிகம் என்று நினைத்து ஜெட்டைச் சின்னதாகப் போடுகிறார்கள். கியர் ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்த முறுக்கில் தொல்லை என்று பார்க்காமல் கழற்றுவது

ஆரம்பத்தில் எட்டில் ஒரு பங்கு முறுக்குவரை கலவையைத் தீர்மானிப்பவை ஸ்லோவுக்கான பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால்வரை, முறுக்கும்போது மேலே ஏறும் ஸ்லைடின் அடிவெட்டு. காலிலிருந்து முக்கால்வரை நீடில். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். முறுக்குப்பிடியில் டேப் ஒட்டி இந்த இடங்களைக் குறித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பாதி முறுக்கில் இடிக்கும் வண்டிக்கு மெயின் ஜெட் மாற்றிப் பயன் இல்லை.

ஜெட் துளையில் கம்பி விடுவது

விடாதீர்கள். துளை ஒரு தரம் பெரிதானால் அதன்மேல் அடித்திருக்கும் எண் பொய்.

வீட்டு வாசலில் பிளக்கைக் கழற்றி முடிவெடுப்பது

பிளக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. ஆனால் டிராஃபிக்கில் உருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் ஸ்லோவின் நிறம்தான் தெரியும். மெயின் ஜெட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் காலி ரோட்டில் முழு முறுக்கில் ஓடும்போதே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரம்கட்டிக் கழற்றுங்கள்.

ஆயில் பம்ப் கேபிளை மறப்பது

முறுக்குக் கேபிளை இழுத்துச் சரிசெய்தால் பம்பில் உள்ள குறியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் எஞ்சினுக்கு ஆயில் குறைந்துவிடலாம்.

ஊட்டியில் டியூன் செய்வது

2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. அங்கே சரியாக ஓடட்டும் என்று ஜெட்டைக் குறைத்தால், மேட்டுப்பாளையம் வந்து இறங்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாது. குறைத்தவர்கள் கீழே வந்ததும் பழைய ஜெட்டை மாட்டிவிடுங்கள்.

இ20 பெட்ரோலைக் கணக்கில் எடுக்காதது

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதே ஜெட்டில் இப்போது கலவை முன்பைவிட மெலிதாகிறது. கசிவே இல்லை என்று சோதித்து முடித்தவர்கள், பிளக் வெளுத்துப்போயிருந்தால் மெயின் ஜெட்டை ஒரு எண் கூட்டலாம். இதற்கு மட்டும் ஜெட் மாற்றுவது நியாயம். எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தப்போகிறீர்கள் என்றால் காக்கை மூடிவிட்டு, டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.