‘மறுப்பு’ என்று காட்டினால் கீழே உள்ள தேதியைப் பாருங்கள்

அமெரிக்க விசா நேர்காணலில் 221 ஜி சீட்டு (இன்னும் ஆவணமோ கூடுதல் பரிசீலனையோ தேவை என்று சொல்லும் தாள்) கொடுத்து அனுப்பியிருந்தால், விசா நிலை காட்டும் இணையதளத்தில் ‘ரெஃப்யூஸ்டு’ என்ற சொல்லைப் பார்த்துப் பதறாதீர்கள். அதன் அருகில் கடைசியாக மாற்றம் செய்த தேதி இருக்கும். அதை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். நிலையைப் பார்க்க டிஎஸ் 160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தின் எண், பாஸ்போர்ட் எண், குடும்பப் பெயரின் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகள் போதும். நம் பக்கம் அப்பா பெயரோ தாத்தா பெயரோதான் அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும், பாஸ்போர்ட்டைப் பார்த்தே அடியுங்கள்.

சட்டப்படி 221 ஜியும் ஒரு மறுப்புதான். அதனால் பரிசீலனை நடக்கும்போதும் அதே சொல்தான் நிற்கும். தேதி நகர்ந்தால் கோப்பை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். விசாரிப்பதற்காகக் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயில் ஏறிச் சென்னைக்குப் போவது வீண் செலவு. ‘இஷ்யூடு’ (விசா வழங்கப்பட்டது) என்று மாறி, பாஸ்போர்ட்டும் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். வீட்டில் படைப்பு, கல்யாணம் என்று நாள் குறித்திருந்தாலும் சரி.

சீட்டில் ஆவணம் கேட்டிருந்தால் இப்படிக் காத்திருக்கக் கூடாது. ஓராண்டுக்குள் கொடுக்காவிட்டால் புதிதாக விண்ணப்பித்து மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். 214 பி (ஊர் திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை வரவில்லை என்பது போன்ற காரணத்துக்கான பிரிவு) என்று சொல்லி மறுத்திருந்தாலும் இந்தக் குறிப்பு உதவாது. அதற்கு மேல்முறையீடு கிடையாது, தேதியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.