பேமிட் காணிக்குப் பின்னுரித்து பதிந்தாச்சா?

வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர் இருந்தால், முதலில் காணிப் பத்திரங்களைப் பிரித்து வையுங்கள். உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரமுள்ள காணி என்றால் நொத்தாரிசிடம் மரணசாசனமோ நன்கொடையோ எழுதலாம். நன்கொடையில் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) அவரைத் தன் பேரிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் சொந்த வயல் நெல்லுக்கே பிள்ளையிடம் கையேந்த வேண்டிவரும்.

இலங்கையில் அம்பாறைப் பக்கம் நிறைய உள்ள பேமிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியின் கதை வேறு. அதற்கு மரணசாசனம் செல்லாது. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை, அதாவது அவருக்குப் பின் காணியைப் பெறுபவரைப் பதிய வேண்டும். ஏற்கெனவே பதிந்திருந்தாலும் பெயரைப் பாருங்கள், அந்த ஆளே இறந்துபோயிருக்கலாம்! பழையதை ரத்துச் செய்து புதிதாகப் பதியலாம். கை நடுங்கினால் பெருவிரல் அடையாளம் போதும். நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டால்தான் சிக்கல், அப்புறம் எழுதுவதையெல்லாம் நீதிமன்றத்தில் கேள்வி கேட்பார்கள்.